கறுப்புத் துவக்கு விற்பதில்லை

என் கடைக்கு ஆள் வராமல் போனது போன வருடம் தீபாவளி கழிந்த பிறகுதான். கடையென்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கொட்டாஞ்சேனையில் ஓர் ஒடுக்கமான தெரு. இரண்டு த்ரீவீல் எதிரெதிரே வந்தால் ஒருவரை ஒருவர் திட்டாமல் கடந்து போகமுடியாது. அந்தத் தெருவில், எங்கள் வீட்டு முன்னறையில், நான் நடத்துகிற ஃபேன்ஸி கடை. ரிப்பன், காப்பு, ஊசி, நூல், கொப்பி, பேனை, பிறந்தநாள் பலூன், பரிசு சுற்றுகிற பேப்பர், விளையாட்டுச் சாமான். பின்னறையில் நான் தனியாக இருக்கிறேன். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டால் நேரம் கிடைக்கவில்லை என்பேன். அறுபது தாண்டிய பிறகு அப்படிக் கேட்பவர்களும் குறைந்துவிட்டார்கள்.

கடையில் எனக்குக் கிடைத்தது வியாபாரம் மட்டுமில்லை. ஊசி வாங்க வருகிறவள் ஊர்க்கதை முழுவதையும் சொல்லிவிட்டு ஊசியை மறந்துவிட்டுப் போவாள். அதை எடுக்க மறுபடி வருவாள், இன்னொரு கதையோடு. காலையில் கதவைத் திறந்தால் பூட்டும்வரை யாருடைய குரலாவது கேட்டுக்கொண்டே இருக்கும். எனக்கென்று குடும்பம் இல்லை என்பது அந்தச் சத்தத்தில் பல நேரம் மறந்தே போகும்.

எல்லோரிலும் நெருக்கம் முன்வீட்டுக்காரி. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலியாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தவள். கணவர் துறைமுகத்தில் வேலை செய்தவர், பென்சன் எடுக்க முன்னமே போய்ச்சேர்ந்துவிட்டார். ஒரே மகன். மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அவனுக்கு. பின்னேரம் அவள் இரண்டு கோப்பையில் பிளேன்டீயோடு தெருவைக் கடந்து வருவாள். கடைக்குள் ஒரு நீலப் பிளாஸ்டிக் ஸ்டூல் இருக்கிறது. அதில் வேறு யாராவது உட்கார்ந்தால் எனக்கு உள்ளுக்குள் எரியும். வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவளுக்குக் கைராசி உண்டு. சித்திரைப் புத்தாண்டில் பஞ்சாங்கம் சொல்லுகிற நல்ல நேரத்தில் வெற்றிலையில் காசு வைத்துக் கைமாற்றுவதை நாங்கள் கைவிசேஷம் என்போம். கடைக்காரர்களுக்கு அந்த முதல் வியாபாரம் யாரோடு நடக்கிறது என்பது பெரிய விசயம். என் கடையில் எத்தனையோ வருடமாக அது அவளோடுதான். தலைக்குக் குளித்து, புதுச்சேலை கட்டி, வெற்றிலையும் காசுமாக வருவாள். ஒரு முழம் மஞ்சள் ரிப்பன் கேட்பாள். வெட்டிக் கொடுப்பேன். அவளுக்கு ரிப்பன் கட்டத் தலையில் முடியும் பெரிதாக இல்லை. ஆனாலும் ரிப்பன்தான்.

இனித் துவக்குக் கதைக்கு வருகிறேன், துப்பாக்கியைத்தான் நாங்கள் துவக்கு என்போம். விளையாட்டுத் துவக்கில்லாமல் எங்கள் பக்கம் ஒரு பண்டிகையும் நடக்காது. தீபாவளிக்கும் துவக்கு, நத்தார் என்கிற கிறிஸ்மஸுக்கும் துவக்கு, பெருநாளுக்கும் துவக்கு. சாமி வேறு, சாப்பாடு வேறு, துவக்கு மட்டும் எல்லாருக்கும் ஒன்று. முந்தியெல்லாம் பொட்டுவெடி வைத்து அடிக்கிற தகரத் துவக்கு வந்தது. பிறகு தண்ணீர் பீச்சுகிற துவக்கு, பச்சையும் ஒரேஞ்சுமாக, தூரத்திலிருந்து பார்த்தாலே விளையாட்டு என்று தெரியும். கொஞ்சக் காலமாக வருகிறது வேறு சாதி. மையைப் போலக் கறுப்பு. கையில் எடுத்தால் கனம். உள்ளே சின்னப் பிளாஸ்டிக் குண்டு போட்டுச் சுடலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் சாயந்தரத்துக்குள் முடிந்துவிடும். நானும் கொட்டிக் கொட்டி விற்றேன். அதில் எனக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை.

போன வருடம் எங்கள் பக்கம் உண்மையான துவக்கும் சத்தம் போட்டது. மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர், முகம் தெரியாத ஹெல்மெட், பின்னால் இருந்தவன் சுட்டான், போய்விட்டார்கள். பாதாளக் கோஷ்டிகளின் சண்டை என்று பேப்பரில் வந்தது. செத்தவர் யார், எதற்காக என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. மோட்டார் சைக்கிள் ஒன்று வேகத்தைக் குறைத்தால் எல்லாரும் பேச்சை நிறுத்துவார்கள். அது தாண்டிப் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள்.

இன்னொன்றும் நடந்தது. கொட்டாஞ்சேனை என்று அடையாள அட்டையில் இருந்தாலே எங்கும் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். முன்வீட்டுப் பையனை ஒருநாள் பொலிஸ்காரர்கள் வழியில் மறித்து, விலாசத்தைப் பார்த்துவிட்டு, மழைக்குள் ஓரமாக நிற்கவைத்தார்கள். அவன் கொண்டுபோன சாப்பாடு ஆறிப்போய், அதைக் கேட்டிருந்தவர் வேண்டாம் என்று சொல்லி, அந்தப் பொதியோடு வீட்டுக்கு வந்தான். அன்று அவள் என் ஸ்டூலில் இருந்து அழுதாள்.

"நாங்க என்னக்கா செஞ்சோம்? இந்தத் தெருவுல இருக்கிறது ஒரு குத்தமா?"

"விடு, நாய் குலைச்சா குலைக்கட்டும்" என்றேன்.

தீபாவளி கழிந்து சில நாளிருக்கும். பின்னேரம் கடையில் நான் தனியாக நின்றேன். ஒரு மோட்டார் சைக்கிள் தெருமுனையில் திரும்பி, மெதுவாக வந்து, என் கடைக்கு நேரே வேகத்தைக் குறைத்தது. இரண்டு பேர். இரண்டு பேருக்கும் முகம் மூடிய ஹெல்மெட். பின்னால் இருந்தவன் கையை நீட்டினான். கையில் கறுப்பாக ஒன்று. என்னைப் பார்த்து நீட்டினான்.

டப் என்றது. என் முழங்கைக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டியில் ஏதோ பட்டுத் தெறித்தது.

அந்த நொடியில் எனக்கு யாரும் ஞாபகம் வரவில்லை. கடவுளும் வரவில்லை. உடம்பு தன் பாட்டுக்கு ஒன்று செய்தது. என் கவுன் நனைந்து, காலில் சூடாக ஓடி, செருப்புக்குள் இறங்கியது. நின்ற இடத்திலேயே சலம் போய்விட்டேன்.

பின்னால் இருந்தவன் இறங்கி வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான். முன்வீட்டுப் பையன். ஹட்டனில் இருக்கிற மாமா பிள்ளைக்கென்று தீபாவளிக்கு என்னிடம் வாங்கிய துவக்கு அது.

"அன்ரி, பயந்துட்டீங்களா?"

"போடா எருமை" என்றேன். சிரித்தும் வைத்தேன். எப்படிச் சிரித்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. அவன் கௌண்டருக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு ஏதோ கதைத்தான். நான் இடத்தை விட்டு அசையவில்லை. அவன் போன பிறகு கதவைப் பாதி இழுத்துவிட்டு, தரையைக் கழுவினேன், குளித்தேன். தலையிடி என்று சொல்லிக் கடையைப் பூட்டினேன். கொஞ்ச நேரத்தில் முன்வீட்டுக்காரி வந்து கதவில் தட்டினாள், தேத்தண்ணீராக இருக்கும் என்று நினைத்தேன். நான் திறக்கவில்லை.

இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. வெட்கம் என்று லேசாகச் சொல்லலாம். ஆனால் அது வெட்கத்துக்கு மேலே. தனியாக இருக்கிற பொம்பிளைக்கு ஊரில் ஒரு மரியாதை வேண்டும். எதற்கும் பயப்படாதவள், வாய்க்காரி என்று என்னைச் சொல்லுவார்கள். அந்தப் பெயரை வைத்துத்தான் நான் இவ்வளவு காலம் தனியாகக் கதவைப் பூட்டிக்கொண்டு நித்திரை கொண்டேன்.

அடுத்த நாள் கறுப்புத் துவக்கு எல்லாவற்றையும் பெட்டியில் கட்டினேன். வெள்ளவத்தையில் என் தம்பி இருக்கிறான். புறக்கோட்டையில் மொத்த வியாபாரம், அவனிடம்தான் நான் சாமான் எடுப்பது. பெட்டியை த்ரீவீலில் போட்டு அவன் கடைக்கே திருப்பி அனுப்பினேன். தண்ணீர்த் துவக்கை வைத்துக்கொண்டேன். அதோடு நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கேட்கிறவர்களுக்கு, முடிந்துவிட்டது, வரும் என்று சொல்லியிருக்கலாம். கடைக்காரர் வாயில் இல்லை என்ற சொல் வரக்கூடாது என்பது எங்கள் பழக்கம். சாமான் இல்லாவிட்டாலும் வரும் என்றுதான் சொல்லுவோம். ஆனால் எனக்குக் கோபம். யார்மேல் என்று தெரியாத கோபம். ஒரு காட்போர்டை எடுத்துத் தடித்த பேனையால் எழுதினேன்.

"இந்தத் தெருப் பிள்ளைகளின் நன்மைக்காக இங்கே கறுப்புத் துவக்கு விற்பதில்லை."

அதன் கீழே இங்கிலீஷில் நானே எழுதினேன். மூலையில் இருக்கிற சிங்களத் தையல்காரரிடம் கொடுத்துச் சிங்களத்திலும் எழுதி வாங்கினேன். அவர் எழுதும்போது ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, "அக்கே, மேக்க ஓனத?" என்றார். இது தேவையா என்று கேட்டார். தேவைதான் என்றேன். தெருப்பக்கம் பார்த்த யன்னல் கண்ணாடியில் ஒட்டிவிட்டேன்.

பிள்ளைகளின் நன்மைக்காக. அது பச்சைப் பொய். என் நன்மைக்காகத்தான் எழுதினேன்.

மூன்று மொழியில் ஒரு போர்ட் இருந்தால் யாராவது படம் எடுக்காமல் விடுவார்களா? ஒரு பிள்ளை, தெருவுக்குப் புதிது, போனைத் தூக்கிப் பிடித்து எடுத்துக்கொண்டு போனது. அன்றைக்கே ஃபேஸ்புக்கில். துணிச்சலான பெண்மணி என்று தலைப்பு. என் தம்பி பெண்சாதி வெள்ளவத்தையிலிருந்து வாட்ஸப்பில் எனக்கே அனுப்பினாள், பக்கத்தில் இதயம் போட்டு. கீழே ஆட்கள் எழுதியிருந்ததையும் வாசித்தேன். கொட்டாஞ்சேனையிலும் இப்படி ஒரு நல்ல மனுசியா என்று ஒருவர். அந்த ஏரியாப் பொடியன்களைத் திருத்த இப்படி ஆள்தான் வேண்டும் என்று இன்னொருவர். எல்லாம் என்னைப் புகழ்ந்ததுதான். அதற்கு மேல் வாசிக்காமல் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

தெரு எதுவும் சொல்லவில்லை. சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு வாய் இருக்கிறது, சமாளித்திருப்பேன். ஒருவரும் வரவில்லை. முதலில் துவக்கு வாங்குகிறவர்கள் வரவில்லை. பிறகு பலூன் வாங்குகிறவர்கள். பிறகு ஊசி நூல். பச்சைத் தண்ணீர்த் துவக்கைக்கூட யாரும் தொடவில்லை. என் கடைக்கு நேரே வந்ததும் மற்றப் பக்கத்தால் நடந்தார்கள், அந்தத் தெருவில் மற்றப் பக்கம் என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு தகப்பன் மட்டும் நின்று கேட்டார்.

"எங்கட பிள்ளையள பாதாளக் கோஷ்டி எண்டு நினைச்சிட்டீங்க, என்ன?"

"நான் அப்பிடி எழுதல்லையே."

"எழுதினத ஊரே வாசிச்சிருக்கு" என்றார். போய்விட்டார்.

முனையில் போனுக்கு ரீலோட் போடுகிற கடை இருக்கிறது. அங்கே வாசலில் கயிறு கட்டிக் கறுப்புத் துவக்குத் தொங்கவிட்டார்கள். ஒருநாள் அந்தப் பக்கம் போகும்போது பார்த்தேன். பெட்டியின் மூலையில் நான் ஒட்டுகிற சின்ன ரோஸ் ஸ்டிக்கர். என் துவக்குகள்தான். நான் தம்பிக்கு அனுப்ப, தம்பி இவர்களுக்கு விற்க, புறக்கோட்டையைச் சுற்றிவிட்டு அதே தெருவுக்கே வந்துசேர்ந்திருந்தன. வாசலில் ஒரே சனம். என்னைக் கண்டதும் கதை நின்றது. நான் தாண்டிப் போனதும் பின்னால் மறுபடி தொடங்கியது. மோட்டார் சைக்கிளுக்கு நிற்கிற மாதிரி.

முன்வீட்டுக்காரியும் வரவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கதவைத் திறந்தால் அவள் கதவு நேரே. அவள் அரிசி களைகிற சத்தம் எனக்குக் கேட்கும், என் ரேடியோ அவளுக்குக் கேட்கும். கண்ணில் பட்டால் உள்ளே போய்விடுவாள். பின்னேரம் ஒரு கோப்பை தேத்தண்ணீர் எனக்கு நானே ஊற்றினேன். எனக்குச் சீனி எவ்வளவு என்று அவளுக்குத்தான் தெரியும். நான் போட்டால் சரிவரவில்லை. ஸ்டூலில் பெட்டிகளை அடுக்கிவைத்தேன், சும்மா கிடப்பதைப் பார்க்க முடியாமல்.

நத்தார் வந்தது, போனது. அந்தச் சீசனில் மூச்சு விட நேரம் இல்லாத கடையில் நான் பரிசுப் பேப்பரைத் தூசி தட்டிக்கொண்டு இருந்தேன். சில நாள் காலையிலிருந்து பூட்டும்வரை என் குரலையே நான் கேட்டிருக்கமாட்டேன். ஒருநாள் வேண்டுமென்றே ரேடியோவுக்குப் பதில் சொன்னேன். பிறகு பயந்துபோய் அதை நிறுத்தினேன்.

தம்பிக்குக் கதை போயிருந்தது. வெள்ளவத்தைக்கு வரச்சொன்னான். தம்பி யாழ்ப்பாணத்துப் பெண் கட்டி, காலி வீதிக்குக் கீழே கடற்கரைப் பக்கம் ஃபிளாட் வாங்கியவன். வாங்கின கையோடு பேச்சையும் மாற்றிவிட்டான். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன் இப்போது முழு யாழ்ப்பாணம்.

"உங்களுக்கென்ன விசரோ? ஆரும் வராத கடையில இருந்து என்ன செய்யப்போறியள்? இஞ்ச ஒரு அறை சும்மா கிடக்கு. வருசப்பிறப்போட கடையைப் பூட்டிப்போட்டு வாங்கோ."

அந்த அறையைக் காட்டினார்கள். சுத்தமான அறை. யன்னலைத் திறந்தால் கடல் தெரிகிறது. ரெயில் போனால் கண்ணாடி லேசாக நடுங்குகிறது. தம்பி பிள்ளைகள் இங்கிலீஷில் ஹலோ சொல்லிவிட்டுத் தங்கள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்கள். லிஃப்ட்டில் ஒருத்தி என்னோடு மேலே வந்தாள், அவளும் தமிழ்தான், கழுத்தில் தாலி தெரிந்தது. இறங்கும்வரை போனைத்தான் பார்த்தாள். நல்ல மனிதர்கள். ஒருவரும் என்னை ஒதுக்கவில்லை. ஒதுக்குவதற்கு அங்கே யாருக்கும் நான் யார் என்று தெரிய வேண்டுமே! கொட்டாஞ்சேனையில் என்னோடு கதைக்காமல் இருக்கவாவது ஒரு தெரு இருந்தது.

ஆனாலும் தம்பி சொன்னதில் நியாயம் இருந்தது. ஆள் வராத கடைக்கு நான் எதற்கு? அதனால் எனக்குள் ஒரு முடிவு எடுத்தேன். வருசப்பிறப்பில் கைவிசேஷத்துக்கு அவள் வந்தால் இருப்பேன். வராவிட்டால் பூட்டிவிட்டு வெள்ளவத்தைக்குப் போவேன். தம்பியிடம் வருசம் பிறக்கட்டும் என்று மட்டும் சொன்னேன்.

தைப்பொங்கல் கழிந்து ஒருநாள் முன்வீட்டு வாசலில் த்ரீவீல் வந்து நின்றது. பையன் பெரிய பையை ஏற்றினான். மத்தியகிழக்குக்குப் போகிறான் என்று யாரோ யாருக்கோ தெருவில் சொல்லக் கேட்டேன். சின்ன வயதில் பரீட்சைக்குப் போக முன்னம் கூட என்னிடம் வந்து ஒரு பேனை வாங்கிக்கொண்டு போகிறவன். கடைக்குள் நின்று பார்த்தேன். த்ரீவீல் முனையில் திரும்பியது. அவள் வாசலில் நின்றாள், நானும் நின்றேன். அவளுக்கும் இனிமேல் வீட்டில் ஒருவரும் இல்லை.

வருசம் பிறந்தது. தலைக்கு மூலிகை மருத்துநீர் வைத்துக் குளித்து, புதுச்சேலை கட்டி, நல்ல நேரத்துக்குக் கொஞ்சம் முன்னமே கடையைத் திறந்தேன். சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கு. கௌண்டரில் வெற்றிலைத் தட்டு. ஒரு முழம் மஞ்சள் ரிப்பனை வெட்டிப் பக்கத்தில் வைத்தேன். நல்ல நேரம் தொடங்கியதும் சுற்றிவர வெடி போட்டார்கள். தெரு முழுக்க ஆட்கள் வெற்றிலையும் கையுமாக ஒரு வாசலிலிருந்து மற்ற வாசலுக்குப் போனார்கள். தையல்காரர் தன் வாசலில் நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவருக்குச் சிங்களப் பஞ்சாங்கம், நேரம் வேறு கணக்கு, முன்னமே முடித்திருப்பார்.

முன்வீட்டுக் கதவு திறந்தது. அவளும் புதுச்சேலை. கையில் வெற்றிலை. வாசற்படியில் நின்றாள், இறங்கவில்லை. நான் கௌண்டருக்குள் நின்றேன், கூப்பிடவில்லை. வாய்க்காரி என்று பெயர் எடுத்த எனக்கு ஒரு வா வரவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் அவள் படியிலிருந்து இறங்கினாள். தெருவைக் கடந்து வந்தாள். வெற்றிலையைக் காசோடு கௌண்டரில் வைத்தாள்.

நான் ரிப்பனை எடுத்து நீட்டினேன்.

"ரிப்பன் வேணாம். அந்தப் போர்ட்டத் தாங்க" என்றாள்.

"அது விக்கிற சாமான் இல்ல."

"காசு வச்சிட்டேன். தாங்க." யன்னல் பக்கம் கையைக் காட்டினாள். "இந்தத் தெருப் பிள்ளைகளின் நன்மைக்காக. எந்தப் பிள்ளக்கா? மழையில ரோட்டோரத்துல நிக்க வச்சாங்களே, அந்தப் பிள்ளயா? அவனத் திருத்தவா போர்ட் போட்டீங்க?"

எனக்கும் சூடு ஏறியது. "பிள்ளைகளுக்காக இல்ல. எனக்காகப் போட்டேன். உன் மகன்தான் அண்டைக்கு ஹெல்மெட்டோட வந்து என்னப் பாத்துச் சுட்டது. நான் நிண்ட இடத்திலயே சலம் போயிட்டேன். கேட்டியா? சலம் போயிட்டேன். அத எப்பிடி எழுதி ஒட்டுறது?"

நல்ல நேரத்தில், விளக்குக்கு முன்னால் சொல்லக்கூடாத சொல். சொல்லிவிட்டேன். அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அண்டைக்கே தெரியும். வீட்டுக்கு வந்து முதல்ல சிரிச்சிட்டுச் சொன்னான். நான் முறைச்சதும் மூஞ்சி மாறிட்டு. அம்மா, எட்டிப் பாத்தேன், தரையெல்லாம் ஈரம், அன்ரி அசையவே இல்லன்னு சொன்னான். நான் உடனே ஓடி வந்து கதவத் தட்டினேன். நீங்க தொறக்கல்ல."

நான் கீழே, அன்று கழுவிய தரையைப் பார்த்தேன்.

"நீங்க வந்து அவனுக்கு ரெண்டு அறை விடுவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். வெளிய போகக்கூடாதுன்னு அவன வீட்டுலயே இருக்க வச்சேன். அவனும் ரெடியாத்தான் இருந்தான். அடிச்சிருந்தா அதோட முடிஞ்சிருக்கும்க்கா. நீங்க எங்க வீட்டுப் படி ஏறல்ல. விடிஞ்சு பாத்தா போர்ட்."

"ஆருக்கெல்லாம் தெரியும்?"

"அவன் கூட வந்த பொடியன் சும்மா இருப்பானா? தெருவுக்கே தெரியும். உங்க மூஞ்சிக்கு முன்னால யாராவது ஒரு வார்த்த சொன்னாங்களா?"

சொல்லவில்லை. ஒருவரும் சொல்லவில்லை. ஒதுக்கி வைத்த காலம் முழுவதும், என் முதுகுக்குப் பின்னாலும் ஒரு சிரிப்புச் சத்தம் நான் கேட்டதில்லை. என்னை ஒதுக்கினவர்கள்தான் என் மானத்தையும் மூடி வைத்திருந்தார்கள். நான் பூட்டி வைத்திருக்கிறேன் என்று நினைத்த ஒன்றை ஊரே கையில் வைத்துக்கொண்டு, கீழே விடாமல் பார்த்துக்கொண்டது. அழுகை வந்தது. வருசப்பிறப்பன்று அழக்கூடாது என்று மூக்கைத் துடைத்தேன்.

"போற அண்டைக்கு உங்களுக்குச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தான். வாசல் வரைக்கும் வந்தான். போர்ட்டப் பாத்துட்டுத் திரும்பிட்டான்."

அன்று நான் கடைக்குள்தான் நின்றேன். அவன் வந்ததை நான் காணவில்லை. கண்ணாடியின் அந்த மூலையைப் போர்ட் மறைத்திருந்தது.

போர்டைக் கழற்றினேன். "துவக்கு திரும்ப விக்கமாட்டேன். அதச் சொல்லிட்டேன்" என்றேன். சரணடைந்துவிட்டேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

"துவக்கு யாரு கேட்டா?" என்றாள்.

காட்போர்டைச் சுருட்டி, வெட்டி வைத்த ரிப்பனாலேயே கட்டி, இரண்டு கையாலும் கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். ஸ்டூலைப் பார்த்தாள். அதன்மேல் பெட்டிகள் இருந்தன. "நாளைக்கு வாறேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து போனாள்.

மறுநாள் வந்தாள், தேத்தண்ணீரோடு. சீனி சரியாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தெருவும் வருகிறது. துவக்கு முனைக் கடையில்தான் வாங்குகிறார்கள், நூல் என்னிடம் வாங்குகிறார்கள். வெள்ளவத்தைக்கு வரவில்லை என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். எல்லாம் பழையபடி என்று சொன்னால் அதுவும் பொய். ஊசியை மறந்துவிட்டுப் போகிறவர்கள் இப்போது இல்லை. வாங்கியதை நினைவாக எடுத்துக்கொண்டு போகிறார்கள். நாங்கள் இருவரும் பின்னேரங்களில் அதிகம் கதைப்பதில்லை. மோட்டார் சைக்கிள் ஒன்று முனையில் திரும்பினால் இரண்டு பேரும் நிமிர்ந்து பார்க்கிறோம். அவனாக இருக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

போன கிழமை அவள் இங்கே இருக்கும்போது அவன் வீடியோ கோல் எடுத்தான். கதைத்துவிட்டுப் போனை என் பக்கம் திருப்பினாள். மெலிந்திருந்தான். பின்னால் இரும்புக் கட்டில்கள் தெரிந்தன.

"அன்ரி, இன்னும் கோவமா?"

"வாடா இங்க. ரெண்டு அறை பாக்கி இருக்கு உனக்கு."

அவன் சிரித்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தான். "ரெண்டு வருச கொன்ட்ராக்ட் அன்ரி" என்றான்.

சிக்னல் போய்ப் படம் அப்படியே நின்றுவிட்டது. அவன் முகம் என் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு இருந்தது. அன்று ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வந்தவன், இந்தக் கௌண்டருக்கு அந்தப் பக்கம், கையெட்டும் தூரத்தில்தான் நின்றான்.